ஒன்றும் ஆகாதவன் கதை

எனக்கு எழுபத்தேழு வயது ஆகிறது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரிக்குள் விரல் மரத்துப்போகும். அதனால் நான் சொல்லச் சொல்ல என் கடைசி மகன் பெற்ற பேத்தி செல்போனில் தட்டிக்கொண்டு வருகிறாள். பேச்சைத் திருத்தி எழுத்தாக்குவது அவள் பொறுப்பு. கதை சொல்வது என் பொறுப்பு. அதில் என்னை மிஞ்சுவதற்குக் கருக்களாச்சேரியில் அந்தக் காலத்தில் ஆள் கிடையாது. பெருமையடிக்கிறாள் கிழவி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உண்மைதானே.

இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் என் பேத்தி பார்க்கிற ஜப்பான்காரர்களின் பொம்மைப் படம். அனிமே என்கிறாள். வாராவாரம் ஒரு துண்டு வரும். பாஷை எனக்குப் புரியாது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுவாள். ஆரம்பத்தில் அதில் ஒரு கலங்கரை விளக்கம், அதைக் காக்கிற ஒரு பெண், அவளுடைய நொண்டி நாய், பனிமூட்டத்துக்குள் வந்து நிற்கிற ஏதோ ஒன்று, அவ்வளவுதான் இருந்தது. அந்த ஏதோ ஒன்று முழுதாகத் தெரியவே தெரியாது. பனி இறங்கினால் நான் காலைக் கட்டில்மேல் தூக்கி வைத்துக்கொள்வேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். ஆனால் அவளும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பாள்.

அப்புறம் அந்தப் பெண்ணுக்கு ஒரு சக்தி கிடைத்தது. அப்புறம் இன்னொன்று. இப்போது விரலை நீட்டினால் மலை பிளக்கிறது. பனிமூட்டத்துக்குள் நின்றது அவளுக்குச் சிநேகிதமாகிவிட்டது. வாரத்துக்கு வாரம் புதிது புதிதாக முகங்கள் வருகின்றன. பச்சைத் தலை, ஊதாத் தலை, ரெட்டை வாள் வைத்தவன், அவன் தம்பி, தம்பியின் குரு. யார் எவர் என்று பேத்திக்கே நினைவில்லை. நாயைக் காணோம். நாய் எங்கே என்று கேட்டேன். "அதான் அப்பாயி எனக்கும் தெரியல, அத மறந்துட்டாங்க போல" என்றாள்.

போன வாரம் போனைக் கட்டில்மேல் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "போ அப்பாயி, இனிமே பாக்க மாட்டேன். அவளுக்குத்தான் ஒன்னும் ஆவாதே. அப்புறம் என்ன கதை?"

அந்தச் சொல்லை அதே சொல்லாக ஒரு தடவை நான் கேட்டிருக்கிறேன். சொன்னவள் இவளுடைய பெரிய அத்தை, என் மூத்த மகள். அப்போது அவளுக்குப் பதினொரு வயது. ஒரு கை கதவில் இருந்தது. கதவுக்கு வெளியே புயல் இருந்தது.

நான் பிறந்தது திருவேட்டக்குடி, வாழ்க்கைப்பட்டது கருக்களாச்சேரி. இரண்டும் கடல் ஓரம்தான். அதனால் பயம் எனக்குப் புதிது இல்லை. என் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். விடிவதற்கு முன்னால் இறங்கினால் வெயில் ஏறித் திரும்புவார். இறால் காலத்தில் சாயங்காலம் போவதும் உண்டு. அவர் போனதிலிருந்து வரும்வரை பெண்பிள்ளைகள் முகத்தில் எதுவும் தெரியாது. கருவாடு புரட்டுவோம், தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போடுவோம், சிரிப்போம். காது மட்டும் கடலிலேயே கிடக்கும். அலைச் சத்தம் கொஞ்சம் மாறினால் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் இன்னொரு பயமும் இருந்தது. என் மாமியார். இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். பெரியவரைக் கடல் கொண்டுபோனது. மிச்சம் இருந்த ஒருவர்தான் என் வீட்டுக்காரர். அவர் கடலில் நிற்கும் நேரத்தில் அந்த வீட்டுக்குள் சில சொற்களைச் சொல்லக் கூடாது. முங்கியது, கவிழ்ந்தது, செத்தது, உடைந்தது, எதுவும் வாயில் வரக் கூடாது. விளக்கை அணைத்தேன் என்று சொல்லக் கூடாது, குளிர வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளையைத் திட்டும்போதுகூடத் தொலைஞ்சு போ என்று சொல்லக் கூடாது. மற்ற வீடுகளிலும் இந்த வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அது சட்டம். மாமியாருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. அதற்கும் சேர்த்து வைத்துக் காது கேட்கும்.

விளக்கு வைத்த பிறகும் என் வீட்டுக்காரர் வராத நாட்களில் பிள்ளைகள் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூத்தவள், அடுத்தது ஒரு பையன், அப்புறம் ஒரு சின்னப் பெண். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கதவிலிருந்து கண்ணைப் பிடுங்கத்தான் கதை ஆரம்பித்தேன். எங்கேயும் கேட்டது இல்லை, என் வாயில் வந்தது.

கடலோரத்தில் ஒரு கிணறு உப்பாகிப் போகிறது. அந்த வீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணனுக்கு வெயிலில் காய்ந்து செம்பட்டையான தலைமயிர், அதனால் அவன் செம்பட்டைக்காரன். கடலுக்கு நடுவில் ஒரு தீவில் நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று குடத்தை எடுத்துக்கொண்டு கட்டுமரத்தில் கிளம்புகிறான். தங்கை கரையில் விளக்கோடு காத்திருக்கிறாள். நடுக்கடலில் அடியாழத்தில் உப்புக்காரி நிற்கிறாள். அவள் மெல்லிய குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பிப் பார்த்தவன் அப்படியே உப்புப் பொம்மை. இவ்வளவுதான் கதை. மூன்றே பேர்.

அய்யோ, அந்த முதல் வாரம்! உப்புக்காரி கூப்பிடுகிற மாதிரி நான் குரலைத் தாழ்த்தினால் சின்னவள் என் மடிக்குள் புகுந்துவிடுவாள். மூத்தவள் பயமில்லாத மாதிரி உட்கார்ந்திருப்பாள், ஆனால் பாயைக் கிள்ளிக் கிள்ளிக் கோரையைப் பிய்த்திருப்பாள். கதவை ஒருத்தரும் பார்க்கவில்லை.

செம்பட்டைக்காரன் திரும்பிப் பார்க்கப் போகிறான் என்ற இடத்தில்தான் மாமியார் இருமினார்.

"ஏ புள்ளை, எம்மவன் தண்ணியில நிக்கிறான். கதையா இருந்தாலும் அந்தப் பேச்சு வேணாம்."

சட்டம் கதைக்கும் சேர்த்துத்தான் என்று தெரிந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. சரி, என்ன செய்வது? அவன் கையில் ஒரு கறுப்புக் கல்லைக் கொடுத்தேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டால் தண்ணீர் தலைக்குமேல் மூடாது. அன்றைக்குத் தப்பித்தான். மறுநாள் புயல் வந்தது. சத்தம் போட்டால் காற்று அடங்கிவிடும் என்று அவன் குரலுக்கு ஒரு வரம் கொடுத்தேன். அப்புறம் இருட்டில் தெரிகிற மீன் கண். அப்புறம் சுறாவின் வாயைக் கிழிக்கிற கை. மாமியார் இருமும்போதெல்லாம் அவனுக்கு ஒன்று கூடியது. கடைசியில் உப்புக்காரியே அவனிடம் தோற்று, கட்டுமரத்தில் ஏறி, அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

யாரும் சாகக் கூடாது என்றால் வந்தவர்கள் யாரும் போகவும் மாட்டார்கள். இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் பையன் ஒரு பேசுகிற நண்டு வேண்டும் என்றான், வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கதை கேட்க வந்து, ஆளுக்கு ஒருவரைக் கேட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தா தொப்பியோடு ஏறினார். பூவம் செக்போஸ்ட்டில் நிற்கிறவர் விசிலோடு ஏறினார். மருத்துவச்சி ஏறினாள். சின்னவளுக்கு ஆட்டுக்குட்டி. எல்லோரும் அந்த ஒரே கட்டுமரத்தில். ஒருநாள் மூத்தவள் கேட்டாள்:

"அம்மா, நாலு கட்டைய சேத்துக் கட்டுன மரத்துல இத்தன பேரு எப்புடி உக்காருறாங்க? சொல்தா தாத்தா மடியில ஆட்டுக்குட்டியா?"

"நெருக்கி உக்காந்துக்குறாங்க."

"தங்கச்சி என்ன பண்றா?"

தங்கை. விளக்கோடு கரையில் நிற்கிறவள். அவளைப் பற்றி நான் சொல்லியே வெகுநாள் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் அவனே செய்துவிடுகிறான், அவளுக்கு என்ன வேலை? "நிக்கிறா" என்றேன். மூத்தவள் கொட்டாவி விட்டாள். பையன் கதவைப் பார்த்தான்.

கதை கெட்டுப்போனது தெரிந்தது. ஆனால் அது பிள்ளைக்குள்ளே வேறொன்றைச் செய்திருந்தது என்று தெரியவில்லை. மூத்தவள் கரையில் ஒரு கறுப்புக் கல்லைப் பொறுக்கி, துணியில் முடிந்து, பாவாடை நாடாவில் கட்டிக்கொண்டு திரிந்தாள். விளையாட்டு என்று நான் விட்டுவிட்டேன்.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். கார்த்திகை பிறந்திருந்தது. நான் ஏழு மாசம். வயிற்றில் இருந்தவன் இந்தப் பேத்தியின் அப்பன். மழையால் கடலுக்குப் போகாமல் கிடந்து, அடுப்பில் பூனை தூங்குகிற நிலைமை. டீக்கடை ரேடியோவில் காற்று வரும், காற்று வரும் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அன்று விடியலில் கடல் எண்ணெய் ஊற்றினது போல் கிடந்தது. "சும்மா கிட்ட வலையப் போட்டுட்டு வந்துடுறேன்" என்று என் வீட்டுக்காரரும் கூட்டாளி ஒருவரும் இறங்கினார்கள். இன்னும் சில கட்டுமரங்களும் போயின.

உச்சிப் பொழுதுக்குள் வானம் தேய்க்காத பித்தளை நிறத்துக்கு வந்துவிட்டது. காக்கை ஒன்றுகூட இல்லை. முதலில் காற்றே இல்லை. பிறகு வாடை கிளம்பியது. போன மரங்கள் ஒவ்வொன்றாக அடித்துப் பிடித்துக் கரை ஏறின. எங்களுடையது வரவில்லை. கரையேறினவர்களிடம் கேட்டால், "பின்னாலதான் வந்தான்க்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

குப்பத்தில் பாதிப் பேர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். மாமியார் நகரவில்லை. "எம்மவன் வந்து வீட்டத்தான் தேடுவான்." எங்களுடையது மேட்டில் இருந்த ஓட்டு வீடு, அந்தத் தைரியமும் இருந்தது. கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் நிற்காமல் துள்ளியதால், குறுக்கே உலக்கையைக் கொடுத்து அடைத்தேன். மத்தியானம்தான், ஆனால் உள்ளே அரிக்கேன் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மணல் வந்து ஓட்டில் விழுகிற சத்தம், யாரோ கைப்பிடி கைப்பிடியாக அரிசியை வீசுவது போல. அதற்கும் அடியில் கடல். அலைக்கு நடுவில் ஒரு இடைவெளி இருக்குமே, அந்த இடைவெளி இல்லாமல் போய்விட்டது. ஒரே உறுமல்.

திரும்பிப் பார்த்தால் மூத்தவள் அரிக்கேனைக் கையில் எடுத்துவிட்டாள். இன்னொரு கை உலக்கையில்.

"எங்கடி?"

"கரைக்கு. அப்பாவுக்குக் கரை தெரியாதும்மா. வெளக்கு காட்டணும்."

"அலை மேட்டு வரைக்கும் ஏறியிருக்கும். வா இங்க."

"எனக்கு ஒன்னும் ஆவாது." பாவாடை நாடாவைத் தூக்கிக் காட்டினாள். "கல்லு இருக்கு."

அவள் முகத்தில் பயமே இல்லை. புயலைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தச் சத்தத்தில் பல் தந்தியடிக்க வேண்டும். எழுந்து பிடிக்கலாம் என்றால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நான் எழுவதற்குள் அவள் தெருவைத் தாண்டிவிடுவாள். பின்னால் ஓட என்னால் முடியாது. மாமியாருக்குக் கண் தெரியாது. அடித்து உட்கார வைக்கிற ஜாதிப் பிள்ளையும் அவள் இல்லை, அவள் என் மகள்.

என்னிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

"உக்காரு. செம்பட்டைக்காரன் கதையில பாக்கி இருக்கு."

அவள் திரும்பக்கூட இல்லை. "அவனுக்குத்தான் ஒன்னும் ஆவாதே. அப்புறம் என்ன கதை?" உலக்கை ஒரு முனையில் நகர்ந்தது.

"இன்னிக்கு ஆச்சு" என்றேன்.

மாமியாரின் தலை நிமிர்ந்தது. "அடியே!"

நான் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர். எந்த அலையில், எந்தப் பக்கம், உயிரோடா இல்லையா, எதுவும் தெரியாது. ஒரு பக்கம் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இவள். சொன்னால் அவருக்கு ஆகிவிடுமோ, சொல்லாவிட்டால் இவளுக்கு ஆகிவிடும். என்றாலும் சொன்னேன்.

"கல்லு கழண்டு வுழுந்துட்டு."

"எங்க?"

"அடியாழத்துல. உப்புக்காரி எடுத்து வாயில போட்டுக்கிட்டா."

"எம்புள்ள தண்ணியில நிக்கிறான், என்ன பேச்சு பேசுற நீ! வாய மூடு!" மாமியார் தரையைக் கையால் அறைந்தார்.

"இருங்க அத்தை" என்றேன். என் ஆயுசில் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பையன் மெல்லக் கேட்டான். "உப்புக்காரி கஞ்சி காச்சிக் குடுத்தவளாச்சே?"

"அது அன்னிக்கி. கல்லு இருந்த வரைக்கும். இப்ப அவ மரத்துல இல்ல, கீழ நிக்கிறா. கூப்புடுறா."

"மத்தவங்கள்ளாம்?"

"கனம் தாங்காதுன்னு காலையிலேயே கரையில இறக்கி வுட்டுட்டான்."

"சொல்தா தாத்தாவயுமா?"

"பென்ஷன் வாங்குற நாளு, அவரே இறங்கிட்டாரு."

"நண்டு?"

"நண்டுந்தான்."

பையனுக்குக் கீழுதடு பிதுங்கியது. அழட்டும் என்று விட்டுவிட்டேன். மூத்தவள் இன்னும் கதவைப் பார்த்துத்தான் நின்றாள், ஆனால் உலக்கை நகரவில்லை.

"தனியா நிக்கிறான். சத்தம் போட்டுப் பாத்தான், காத்து நிக்கல. இன்னொரு தரம் போட்டான். அவன் கொரலு அவனுக்கே கேக்கல."

அந்த நேரம் பார்த்துச் சமையல் மூலையில் ஓர் ஓடு பிய்த்துக்கொண்டு போயிற்று. மழை ஊசி ஊசியாக உள்ளே விழுந்தது. சின்னவள் வீறிட்டாள். மூத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் அது வந்திருந்தது. பயம். எனக்கு அழுகை வந்தது, நல்லவேளை அரிக்கேன் வெளிச்சம் என் முகத்துக்கு எட்டவில்லை.

"அப்புறம் என்ன பண்ணுனான்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

"கயித்த எடுத்தான். வள்ளம்னா தண்ணி ஏறும். மரம் வெறும் கட்டைதானே, அது பொரளும், ஆனா மெதக்கும். அதோட சேத்துத் தன்னக் கட்டிக்கிட்டான். வேற எதுவும் அவனுக்குத் தெரியல. பொரளுறப்ப மூச்சப் புடிச்சுக்குறான், மேல வர்றப்ப வுடுறான். கீழ அவ கூப்புடுறா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டான்."

மூலையிலிருந்து ஒரு குரல். மாமியாருடையதுதான், ஆனால் அந்த மாதிரிக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"எங்க கட்டுனான்?"

"என்ன அத்தை?"

"கயித்த. இடுப்புலயா?"

"இடுப்புலதான்."

"இடுப்புல கட்டுனா அலை பொரட்டுறப்ப கொடலப் புடுங்கிடும். கக்கத்துக்குக் கீழ கட்டச் சொல்லு. சொல்லுடி அவன்கிட்ட."

"சொல்றேன் அத்தை. கக்கத்துக்குக் கீழ கட்டிக்கிட்டான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். உதடு என்னவோ முணுமுணுத்தது.

மூத்தவள் அரிக்கேனை இன்னும் கீழே வைக்கவில்லை. "தங்கச்சி வெளக்க எடுத்துக்கிட்டுப் போவலையா?" என்றாள்.

இதில் தவறினால் போயிற்று. நிதானமாகச் சொன்னேன்.

"போறதுக்குத்தான் கதவுகிட்ட வந்தா. அப்புறம் நின்னுட்டா. வெளிக்கடல்ல கட்டையோட கெடந்தா அவன் பொழைப்பான். கரையோரத்து அலைதான் ஆளத் தூக்கி அடிக்கும். இவ வெளக்கக் காட்டுனா, கரை வந்துட்டுன்னு நெனச்சு அவன் கயித்த அவுத்துடுவான். வெளக்குத் தெரியாத வரைக்கும் வெளியிலேயே கெடப்பான்."

"அப்ப அவ சும்மா வீட்டுலயே இருக்கணுமா?"

"இருக்கணும். ஓடிப் போவணும் போல இருக்கும், ஆனா இருக்கணும். இன்னிக்கு அவன் உசுரு அவ கையில இருக்கு. அவன்கிட்ட வேற எதுவும் இல்ல."

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எனக்கு அது ஒரு பிறவி. காற்று கதவைத் தள்ளியது, உலக்கை முனகியது, அவள் கை அதன் மேலேயே இருந்தது. பிறகு கையை எடுத்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓட்டைக் கூரை வழியாக வெளிச்சம் வெளியே தெரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, அரிக்கேனின் திரியை இறக்கினாள்.

"வெளக்கக் குளுர வச்சுட்டேம்மா" என்றாள்.

இருட்டில் ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பின்தான் கடல் வந்தது. கதவுக்கு அடியில் முதலில் நுரை வந்தது, பிறகு தண்ணீர். பிள்ளைகளைப் பெட்டிமேல் ஏற்றினேன். கணுக்காலுக்கு மேல் வரவில்லை, வீடு மேட்டில் இருந்ததால். பொழுது சாயும்போது காற்று திரும்பி, மெல்ல விட்டது. கதவைத் திறந்து பார்த்தபோது, மேட்டுக்குக் கீழே கருவாடு காயப் போடுகிற இடம் இல்லை. அங்கே நின்ற தென்னைகள் இல்லை. அவள் விளக்கோடு போய் நின்றிருப்பாளே, அந்த இடம் கடலாக இருந்தது.

அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அந்த நாட்களைப் பற்றி என்ன சொல்வது. நான் சொன்ன சொல் போய் அவரைத் தொட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. மாமியார் அதைச் சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில், "கட்டையில கெடக்குறானே, அவன் என்ன பண்றான் இப்ப?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்ல வேண்டும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை என்று சொல்வேன். உதடு வெடித்திருக்கிறது என்பேன். கல் கொடுக்கவில்லை, வரம் கொடுக்கவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. கயிறு மட்டும் அவிழாமல் பார்த்துக்கொண்டேன். மாமியார் நடுநடுவே "கக்கத்துக்குக் கீழதானே?" என்று உறுதிப்படுத்திக்கொள்வார்.

எல்லோரும் நம்பிக்கை விட்ட பிறகு ஒரு மத்தியானம் என் வீட்டுக்காரர் நடந்து வந்தார். நாகூருக்குத் தெற்கே கரையில் ஒதுங்கி, யாரோ எடுத்து, யாரோ கஞ்சி ஊற்றி, யாருடையதோ தொளதொளச் சட்டையைப் போட்டு, காரைக்கால் பஸ்ஸில் ஏற்றி விட்டிருக்கிறார்கள். கூட்டாளியும் பிழைத்தார். மரம் போயிற்று. வாசலில் நின்று, "சோறு இருக்கா?" என்றார். பிள்ளைகள் போய் விழுந்தார்கள்.

மாமியார் தடவித் தடவிப் போய் முதலில் அவர் கையைத் தூக்கிக் கக்கத்தைத் தடவினார். ஒன்றும் இல்லை. சட்டையைத் தூக்கினார். இடுப்பைச் சுற்றிக் கயிறு அறுத்த புண், கறுத்து வீங்கி இருந்தது.

"கக்கத்துல கட்டுடான்னு எத்தன தடவ சொன்னேன்!"

"எப்பம்மா சொன்ன?"

"ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லி வுட்டேனேடா!"

அவர் என்னைப் பார்த்தார். புயலில் தாய்க்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து, அது நிற்காமல் அழுகையாகி, அதுவும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க நான் கதை சொன்னேன், இவள் அப்பனுக்கும் சேர்த்து. சட்டம் கொஞ்சம் மாறியிருந்தது. "கதைக்குள்ள சொல்லிக்க. வெளியில சொல்லாத" என்று மாமியாரே சொல்லிவிட்டார். நானும் எனக்கு ஒன்று வைத்துக்கொண்டேன். கட்டுமரத்தில் ஒருவர் ஏறினால் ஒருவர் இறங்க வேண்டும். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்க வேண்டும். செம்பட்டைக்காரன் கரை சேர்ந்தபோது அவன் குடத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. பையன் ரொம்ப நாள் நண்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். கொடுக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த அனிமே எடுக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, அந்தப் பெண்ணின் விரலைப் பிடுங்கிக்கொள்ளட்டும். வந்தவர்களையெல்லாம் இறக்கி விடட்டும். பனிமூட்டத்தை மறுபடி பனிமூட்டமாக ஆக்கட்டும். அவளுக்கு ஏதாவது ஆகலாம் என்றால்தான் அந்த நொண்டி நாய்க்கு ஒரு வேலை இருக்கும். எல்லாம் செய்ய முடிந்தவளுக்கு யார் குரைத்தால் என்ன?

மூத்தவள் இப்போது கோட்டுச்சேரியில் இருக்கிறாள், அவளுக்கே மருமகள் வந்தாயிற்று. அந்தக் கறுப்புக் கல் அவள் வீட்டில் கதவுக்கு அண்டை கொடுக்கக் கிடக்கிறது. வாடை கிளம்பினால் இன்றைக்கும் நான் போன் பண்ணி, "கதவ சாத்திட்டியாடி?" என்று கேட்பேன். "சாத்திட்டேன், படு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்பேன்.

போதும் கண்ணு, தட்டினது. வெளியே காற்று ஏறுகிறது, அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து முதலிலிருந்து ஒரு தடவை எனக்கு வாசித்துக் காட்டு. உன் பெரிய அத்தை உலக்கையில் கை வைக்கிற இடம் வந்ததும் அவசரப்படாதே, மெதுவாகப் படி. அவள் கையை எடுக்கிறாளா என்று நான் கேட்க வேண்டும்.